இஸ்ரவேலரின் உணவு நெறி



'சைவம்' என்பது ஒரு சமயத்தின் பெயர். ஆயினும் வெள்ளவத்தையிலே, காலி வீதியோரத்து உணவுச்சாலை ஒன்றினுள் நுழைந்து, "இங்கே சைவமா?" என்று ஒருவர் வினவும்போது, கடைக்காரரின் சமயத்தை அவர் கேட்கின்றார் என்று எவரும் கொள்வதில்லை. இலையில் இடப்படுவது மரக்கறியா, மச்சமா என்பதே வினா. சமயத்தின் பெயரே உணவின் பெயராகிவிட்டது. அங்கிருந்து வடக்கே கொட்டாஞ்சேனைக்குச் செல்வோமாயின், புனித லூசியாள் பேராலயத்தைச் சூழ வாழும் கத்தோலிக்கத் தமிழரின் வழக்கிலே 'ஒருசந்தி', 'சுத்தபோசனம்' என்னும் பழஞ்சொற்கள் உண்டு. ஒருவேளை மட்டும் முழுமையாக உண்பது ஒருசந்தி. இறைச்சியை விலக்கி உண்பது சுத்தபோசனம். அதே நகரத்தில் வாழும் முஸ்லிம் மக்களுக்கு இறைச்சி ஹலாலாக இருத்தல் வேண்டும். பௌத்த மக்கள் போற்றும் வெசாக் நாளிலே இறைச்சிக் கடைகள் மூடப்பட்டிருக்கும்.

பசி எல்லார்க்கும் ஒன்றே. பந்திகள் மட்டும் ஏன் வேறு வேறாயின? உண்பது உடலை வளர்ப்பதற்கு என்றால், உணவிலே சட்டம் எதற்கு? இவ்வினாவை ஆராய விரும்புவோர்க்கு நல்லதொரு வாயில் இருக்கின்றது. அதுவே பண்டை இஸ்ரவேலரின் உணவு விதித் தொகுதி. மிகப் பழையது, மிக விரிவாக எழுதிவைக்கப்பட்டது, இன்றும் ஒரு மக்களால் கைக்கொள்ளப்படுவது. கிறிஸ்தவர் அதனை விட்டு விலகிய வரலாறும், இஸ்லாத்தின் உணவு விதிகளுக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமையும் நமது அயலவர் வாழ்வோடு தொடர்புடையன. ஆதலின் அதன் தோற்றத்தையும் பொருளையும் இன்று சிறிது சிந்திப்போம்.

ஈழத்துத் தமிழுக்கு இது புதிய பொருளும் அன்று. நல்லூர் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாருக்கு உதவியாக நின்று வேதாகமத் தமிழாக்கத்தில் ஈடுபட்டவர் என்பதை நேயர்கள் அறிவர். அப்பணியினால் பழைய ஏற்பாட்டிலே அவர் பெற்ற புலமை, 1854 ஆம் ஆண்டில் வெளிவந்த 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலிலே பயன்பட்டது. சைவரின் ஆலயக் கிரியைகளையும் ஆசாரங்களையும் இகழ்ந்த பாதிரிமாருக்கு, அவர்கள் போற்றும் வேதத்திலேயே எருசலேம் ஆலயத்துப் பலியும் தூபமும் தீபமும் சுத்திகரிப்பும் விதிக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார் நாவலர். ஆசாரம், தீட்டு, விரதம் முதலிய சொற்களோடு வளர்ந்த தமிழருக்கு இஸ்ரவேலரின் சட்டம் அந்நியமாகத் தோன்றாது என்பதற்கு இதுவே சான்று.

முதலில் சட்டம் கூறுவது யாது எனக் காண்போம்.

லேவியராகமத்தின் 11 ஆம் அதிகாரத்திலும் உபாகமத்தின் 14 ஆம் அதிகாரத்திலும் உணவு விதிகள் தொகுத்துக் கூறப்பட்டுள்ளன. தரைவாழ் விலங்குகளில் உண்ணத்தக்கது எது? இரண்டு இலக்கணங்கள் வேண்டும். குளம்பு பிளந்திருத்தல் வேண்டும். உண்டதை அசைபோடுதல் வேண்டும். மாடு, ஆடு, மான் ஆகியன இவ்விரண்டும் உடையவை. ஒட்டகமும் முயலும் குழிமுயலும் அசைபோடுவன என்று சட்டம் சொல்கின்றது; ஆனால் அவற்றுக்குப் பிளந்த குளம்பு இல்லை. பன்றிக்குப் பிளந்த குளம்பு உண்டு, அது அசைபோடுவதில்லை. ஆகவே இந்நான்கும் விலக்கு. நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பன்றி ஒன்றே விலக்கப்பட்ட விலங்கு அன்று. நான்கினுள் ஒன்றாகவே அது கூறப்படுகின்றது. பன்றிக்குத் தனிப்பெயர் ஏற்பட்டது பிற்காலத்து வரலாற்றினால். அவ்வரலாற்றைப் பின்னர்க் காண்போம்.

நீர்வாழ்வனவற்றில் செட்டையும் செதிலும் உடையவை மட்டுமே ஆகும். வெள்ளவத்தைச் சந்தைக்கு இச்சட்டத்தைக் கைக்கொள்ளும் ஒருவர் மீன் வாங்க வருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அறக்குளா, பாரை, விளைமீன் ஆகியவற்றை அவர் வாங்கலாம். சுறாவும் திருக்கையும் அவருக்கு ஆகா. அவற்றின் தோலிலே உரித்தெடுக்கக்கூடிய செதில் இல்லை. கெளிறு ஆகாது. இறால், நண்டு, கணவாய் ஆகா. நமது சுறா வறையும், நண்டும் இறாலும் இட்டுக் காய்ச்சும் ஒடியற் கூழும் அவரது பந்தியில் ஏறமாட்டா. பறவைகளுக்கு இலக்கணம் கூறாது, கழுகு, பருந்து, காகம், ஆந்தை எனப் பெயர்களையே சட்டம் அடுக்குகின்றது. அவற்றுட் பல ஊன் தின்பவை. ஊர்வன விலக்கு. பூச்சிகளும் விலக்கு, ஆயினும் தத்திச் செல்லும் வெட்டுக்கிளி வகைகள் நான்கிற்கு விலக்களிக்கப்பட்டுள்ளது.

இவற்றின் மேலாக இரண்டு விதிகள் உள. ஒன்று, இரத்தத்தை உண்ணலாகாது என்பது. மற்றொன்று, ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்கலாகாது என்பது. இப்பிந்திய விதி மூன்று இடங்களில் கூறப்படுகின்றது. பிற்கால யூத அறிஞர் இதனை விரித்து, எந்த இறைச்சியையும் எந்தப் பாலுணவோடும் சேர்த்தலாகாது என்றனர். அதனால் ஒரு வீட்டிலே இறைச்சிக்கு ஒரு தொகுதிப் பாத்திரங்களும் பாலுணவுக்கு வேறொரு தொகுதியும் வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. மச்சச் சட்டியையும் சைவச் சட்டியையும் வேறு வேறாக வைத்துப் பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இனி, இவ்விதிகளின் காரணம் யாது?

பலர் உடனே கூறும் விடை, உடல் நலம் என்பது. இவ்விடைக்குப் பெரியதொரு துணையும் உண்டு. 12 ஆம் நூற்றாண்டிலே எகிப்தில் வாழ்ந்த யூதப் பேரறிஞரும் மருத்துவருமாகிய மைமோனிடீஸ், விலக்கப்பட்ட உணவுகள் உடலுக்கு ஒவ்வாதவை என்றும், பன்றி அழுக்கான பிராணி என்றும் எழுதினார். 1835 இல் இலண்டனிலே மருத்துவ மாணவராயிருந்த ஜேம்ஸ் பஜெற் என்பவர் மனிதத் தசையில் நுண்புழு ஒன்றைக் கண்டார். அப்புழு பன்றி இறைச்சி வாயிலாக மனிதருக்கு நோய் விளைப்பது சில பதிற்றாண்டுகளின் பின் தெளிவாயிற்று. அதன் பின் மோசேயின் சட்டம் சுகாதாரச் சட்டமே என்று பலரும் பேசலாயினர்.

ஆயின் இவ்விடை நிலைபெறுவதன்று. ஒட்டக இறைச்சியை அராபியர் உண்டு நலமாகவே வாழ்ந்துள்ளனர். முயலும் அத்தன்மையதே. மாட்டிலிருந்தும் ஆட்டிலிருந்தும் மனிதரைப் பற்றும் நோய்களும் பல. அவை சட்டத்தில் அனுமதிக்கப்பட்டன. நஞ்சுடைய செடிகள் பற்றிச் சட்டம் ஒரு சொல்லும் கூறவில்லை. 15 ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் அபர்பனேல், வேதம் மருத்துவ நூலன்று என்று மறுத்து, பன்றி உண்ணும் மக்களும் திடகாத்திரமாக வாழ்கின்றனரே என்று காட்டினார். நோய்க்கு அஞ்சி விலக்கியது ஆயின், நன்றாக வேகவைத்தல் என்ற கட்டளை ஒன்றே போதுமானதாயிருக்கும்.

மார்வின் ஹாரிஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1974 இல் வேறொரு காரணம் கூறினார். பன்றிக்கு நிழலும் நீரும் வேண்டும். அது பால் தருவதில்லை, ஏர் இழுப்பதில்லை, மனிதர் உண்ணும் தானியத்தையே தானும் வேண்டி நிற்கும். வறண்ட மலைநாட்டிலே அதனை வளர்ப்பது நட்டம். புல்லைத் தின்று பாலும் உழைப்பும் தரும் மாடும் ஆடுமே இலாபம். இதில் உண்மை உண்டு. எனினும் நட்டமான தொழிலை மக்கள் தாமே கைவிடுவர். அதற்குத் தெய்வக் கட்டளை எதற்கு? செதிலற்ற மீனுக்கும் இக்காரணம் பொருந்தாது.

1966 இல் ஆங்கில மானிடவியலாளர் மேரி டக்ளஸ் எழுதிய நூலொன்று இவ்வாராய்ச்சியின் போக்கையே மாற்றியது. தூய்மை என்பது ஒழுங்கு. தீட்டு என்பது இடம் மாறிய பொருள் என்பது அவரது கருத்து. சோறு இலையில் இருக்கும்போது உணவு. அதுவே உடையில் சிந்தினால் அழுக்கு. பொருள் மாறவில்லை, இடம் மாறிற்று. இஸ்ரவேலர் உலகைத் தரை, நீர், வானம் என மூன்றாகக் கண்டனர். ஒவ்வொன்றிலும் வாழ்வதற்கு உரிய வடிவம் உண்டு. நீரில் வாழ்வது செட்டையால் நீந்தவேண்டும். நண்டோ நீரில் இருந்துகொண்டு கால்களால் நடக்கின்றது. இவ்வாறு எல்லைகளுக்குள் அடங்காத பிராணிகளே விலக்கப்பட்டன என்றார் அவர். இக்கருத்தும் எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. பிற்காலத்தில் டக்ளஸ் அம்மையாரே அதன் சில பகுதிகளைத் திருத்திக்கொண்டார். ஆயினும், உணவு விதி என்பது உடல் பற்றியது மட்டும் அன்று, உலகை ஒரு மக்கள் எங்ஙனம் காண்கின்றனர் என்பது பற்றியது என்ற அவரது அடிப்படை நிலைத்துவிட்டது.

இவையனைத்தினும் ஆழமான காரணம் ஒன்று சட்டத்தின் உள்ளேயே கிடக்கின்றது. ஆதியாகமத்தின் தொடக்கத்திலே மனிதனுக்கு உணவாக வழங்கப்பட்டவை விதைதரும் செடிகளும் கனிதரும் மரங்களுமே. ஊன் உணவு பற்றிய பேச்சு அங்கே இல்லை. பெருவெள்ளத்தின் பின்னரே, நோவாவின் காலத்தில், ஊன் உண்ண இடமளிக்கப்படுகின்றது. அவ்வாறு இடமளிக்கும்போதே ஒரு கட்டளையும் உடன்வருகின்றது: இரத்தத்தை உண்ணாதே. இரத்தமே உயிர், உயிர் இறைவனுக்கு உரியது, மனிதன் அதனைத் தொடலாகாது. இக்கட்டளை இஸ்ரவேலருக்கு மட்டுமன்றி, நோவாவின் வழிவந்த மனிதகுலம் முழுமைக்கும் சொல்லப்பட்டது என்பதும் கருதத்தக்கது. லேவியராகமத்துக்கு விரிவுரை எழுதிய ஜேக்கப் மில்குறோம் என்னும் பேரறிஞர், உணவு விதிகள் அனைத்தையும் இந்நோக்கிலேயே விளங்கிக்கொண்டார். மனிதனது ஊன் வேட்கை முற்றும் ஒழியாது என்று கண்ட சட்டம், அதனைச் சில விலங்குகளோடு வரையறுத்தது. கொல்லும் முறையை வரையறுத்தது. இரத்தத்தை நிலத்திற் சிந்திவிடச் செய்தது. ஒவ்வொரு வேளையும், 'நீ உண்பது ஓர் உயிர் இருந்த உடல்' என்று நினைவூட்டிற்று.

தாயையும் கன்றையும் ஒரே நாளிற் கொல்லலாகாது. கூட்டிலுள்ள குஞ்சுகளோடு தாய்ப்பறவையையும் சேர்த்துப் பிடிக்கலாகாது என்பனவும் அச்சட்டத்திலுள்ள கட்டளைகள். குட்டியை வளர்ப்பதற்கு அமைந்த பாலிலேயே குட்டியைச் சமைப்பது எத்துணைக் கொடுமை என்பதை இவற்றோடு சேர்த்து உணரலாம். வள்ளுவர் புலான் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். இஸ்ரவேலர் அத்துணைத் தொலைவு செல்லவில்லை. ஆயினும் அவர்கள் புறப்பட்ட இடமும் வள்ளுவர் நின்ற இடமும் ஒரே வழியில் உள்ளவை.

இது சட்டத்தின் பொருள். அதன் வரலாறோ வேறொரு கதை.

இஸ்ரவேலர் எக்காலத்திலிருந்து இவ்விதிகளைக் கைக்கொண்டனர்? நிலத்தை அகழும் ஆராய்ச்சியாளர், பழைய குடியிருப்புக்களில் எறியப்பட்ட எலும்புகளை எண்ணி இதற்கு விடை தேடுகின்றனர். கி.மு. 12 ஆம், 11 ஆம் நூற்றாண்டுகளில் மலைநாட்டிலே எழுந்த சிற்றூர்களில் பன்றி எலும்பு அரிதாகவே காணப்படுகின்றது. கடற்கரையை அடுத்த சமவெளியில் இருந்த பெலிஸ்தரின் நகரங்களாகிய அஸ்கலோன், எக்ரோன் முதலியவற்றில் அது மிகுதியாகக் கிடைக்கின்றது. அயலவர் உண்பதை உண்ணாமையே 'நாம் வேறு' என்பதன் அடையாளமாயிற்று என ஆராய்ச்சியாளர் பலர் கருதினர். ஆனால் பின்வந்த ஆய்வுகள் அத்துணை எளிய முடிவுக்கு இடந்தரவில்லை. வடக்கு இஸ்ரவேல் நாட்டில் கி.மு. 8 ஆம் நூற்றாண்டளவில் பன்றி எலும்பு கூடுதலாகவே காணப்படுகின்றது. பெலிஸ்தரின் கிராமங்கள் சிலவற்றில் அது குறைவு. 2021 இல் யொனதான் அட்லர், ஒம்றி லேர்னாவு என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு, யூதேயா நாட்டின் பழைய குடியிருப்புக்களில் செதிலற்ற கெளிற்று மீனின் முள்ளும் கிடைத்துள்ளமையைக் காட்டிற்று. எருசலேமும் அதற்கு விலக்கன்று. சட்டம் விலக்கிய மீனை மக்கள் உண்டிருக்கின்றனர். பொதுமக்கள் அனைவரும் மோசேயின் சட்டத்தைக் கைக்கொண்டமைக்குத் தெளிவான சான்று கி.மு. 2 ஆம் நூற்றாண்டிலிருந்தே தோன்றுகின்றது என்பது அட்லரின் முடிவு.

இதனால் நாம் அறிவது என்ன? விதி ஏட்டில் இருப்பது ஒன்று. அது ஒரு மக்களின் உயிரோடு கலப்பது மற்றொன்று. இரண்டாவது எப்போது நிகழ்கின்றது? பெரும்பாலும் அவ்விதியைப் பிறர் பறிக்க முற்படும்போதே நிகழ்கின்றது.

கி.மு. 167 இல் சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கு, யூதர் தம் சட்டத்தைக் கைவிடவேண்டும் என ஆணையிட்டான். பன்றியைப் பலியிடச் செய்தான். அக்காலத்து நிகழ்ச்சிகளைக் கூறும் மக்கபேயர் நூல்கள் கத்தோலிக்கரின் வேதாகமத்தில் இடம்பெறுவதால், கொட்டாஞ்சேனை நேயர்கள் சிலர் அக்கதையை ஆலயத்தில் கேட்டிருப்பர். எலெயாசார் என்பவர் தொண்ணூறு வயது முதியவர். சட்டம் கற்ற அறிஞர். அவரது வாயை வலிந்து திறந்து பன்றி இறைச்சியைத் திணித்தனர். அவர் உமிழ்ந்தார். அவரோடு பழகிய அதிகாரிகள் அவரைத் தனியே அழைத்து, "உமக்கு ஆகும் இறைச்சியையே கொண்டுவந்து உண்ணும், அரசன் சொன்னதை உண்டதாக நடித்துவிடும், உயிர் தப்பும்" என்று இரங்கிச் சொல்லினர். நடிக்க அவர் இசையவில்லை. முதிர்ந்த வயதில் நான் நெறி மாறினேன் என்று இளைஞர் எண்ணி வழிதவறுவர் என்பதே அவர் கூறிய காரணம். அவர் உயிர் துறந்தார்.

இங்கே ஆழ்ந்து நோக்குக. அவரிடம் வேண்டப்பட்டது பன்றி இறைச்சியை உண்பதன்று. ஆகும் இறைச்சியை உண்பதே. அதனால் உடலுக்குத் தீங்கில்லை, சட்டத்திலும் தவறில்லை. ஆயினும் அவர் மறுத்தார். ஏனெனில் அப்பொழுது அவ்விறைச்சி உணவாக இல்லை. ஒரு மக்களை அடிபணியச் செய்யும் கருவியாக இருந்தது. நான்கு விலங்குகளில் ஒன்றாயிருந்த பன்றி, அன்று முதல் தனிப்பெயர் பெற்றது. பிற்காலத்து ஸ்பானிய நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே கிறிஸ்தவராக்கப்பட்ட யூதர், பன்றிக் கொழுப்பை விடுத்து எண்ணெயிற் சமைக்கின்றனரா என்று அயலவர் கவனித்து, மதவிசாரணை மன்றத்திற் சாட்சி சொல்லினர். அடுப்பின் மணமே குற்றத்தின் சான்றாயிற்று.

துன்பத்தினால் வந்த நினைவு ஒருபுறமாக, துன்பமே இன்றி நின்ற நினைவு ஒன்றும் உண்டு. அது நமக்கு அண்மையில், இந்தியக் கரையில் நிகழ்ந்தது. கொங்கணக் கரையிலே 'பெனே இஸ்ரவேலர்' என்னும் யூதர் நெடுங்காலம் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து வாழ்ந்தனர். சனிக்கிழமையில் செக்கு ஓட்டாமையால் அயலவர் அவர்களைச் 'சனிவார வாணியர்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். எபிரேய மொழியை அவர்கள் மறந்தனர். வேத நூலும் அவர்களிடம் இல்லை. தாவீது ரகபி என்னும் யூதர் ஒருவர் அங்கு வந்து, இவர்கள் யார் என அறிய விரும்பி, பலவகை மீன்களைப் பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். அவர்கள் செட்டையும் செதிலும் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கினராம். இது அம்மக்களிடையே வழங்கும் மரபுக் கதை. மொழியும் நூலும் போன பின்னும் மீன் ஆயும் கையிலே சட்டம் எஞ்சி நின்றது என்பதே அதன் சாரம். கொச்சி நகரத்து யூதரோ, இறைச்சியோடு பால் சேராது என்னும் விதியைக் கைவிடாமலே தேங்காய்ப்பாலில் இறைச்சிக் கறி சமைத்தனர். விதியும் நின்றது, நாட்டின் சுவையும் சேர்ந்தது.

இனி, கிறிஸ்தவர் இவ்விதிகளை ஏன் விட்டனர்? இயேசுவின் சீடர் யாவரும் யூதரே. யூதரல்லாதோர் சபையிற் சேர்ந்தபோது எழுந்த முதற்பெரும் வழக்கு, அவர்களோடு ஒரே பந்தியில் உண்ணலாமா என்பதே. அந்தியோக்கியா நகரிலே பேதுரு முதலில் அவர்களோடு உண்டார். பின்னர் எருசலேமிலிருந்து சிலர் வரவே, பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்ததாகத் தாமே எழுதியுள்ளார். எருசலேமிலே கூடிய சபை, யூதரல்லாத விசுவாசிகள் விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றையும் இரத்தத்தையும் நெரித்துக் கொல்லப்பட்டவற்றையும் விலக்கினால் போதும் என்று தீர்த்தது. நாளடைவில் அவ்வரையறையும் பெரும்பாலும் நெகிழ்ந்தது. எதியோப்பியக் கிறிஸ்தவரோ இன்றும் பன்றியை விலக்குகின்றனர். இஸ்லாம் தானாகச் செத்ததையும் இரத்தத்தையும் பன்றியையும் இறைவனல்லாதார் பெயரால் அறுக்கப்பட்டதையும் விலக்கியது, ஒட்டகத்துக்கு இடமளித்தது, வேதம் அருளப்பெற்றோரின் உணவை ஆகுமானது என்றது.

இவ்வரலாற்றில் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். 'எதை உண்பது?' என்பது ஒன்று. 'யாரோடு உண்பது?' என்பது மற்றொன்று. முதலாவது, ஒருவன் தன்னைத்தானே கட்டுப்படுத்துவது. இரண்டாவது, பிறனை அளந்து பார்ப்பது. முதல் வினாவாகத் தொடங்கிய விதி, காலப்போக்கில் இரண்டாவதாகத் திரிந்துவிடுகின்றது. அங்கேதான் இடர் தொடங்குகின்றது.

நம்மவரிடையே இது நிகழவில்லையா? கொல்லாமை என்னும் பேரறத்தின் மேல் எழுந்த சைவ உணவு, யாழ்ப்பாணத்திலே தேநீர்க் கடையின் வாயிலிலே ஒரு மனிதனைத் தடுத்து நிறுத்துவதற்கும் பயன்பட்டது. உயிரைக் கொல்லாதே என்ற நெறி, உடன்பிறந்த தமிழனுக்கு வேறு குவளை வைக்கும் வழக்கத்துக்குத் துணைபோயிற்று. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் என்று ஒன்றை 1957 இல் இயற்றவேண்டிய நிலைக்கு இந்நாடு வந்தது. சட்டத்தின் பின்னும் அக்கடைகளின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. இங்கே குற்றம் உணவு நெறியினதன்று. அந்நெறியைப் பிறன்மேல் வீசிய கையினது.

அண்மைக் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2013 ஆம் ஆண்டு தொடக்கத்தில் பொருள்களின் மேல் பொறிக்கப்படும் ஹலால் சான்றை நீக்கவேண்டும் என்று சில அமைப்புகள் நாட்டில் பெரும் கிளர்ச்சி செய்தன. அச்சான்றை வழங்கிவந்த அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், உள்நாட்டுச் சந்தையில் அதனை வலியுறுத்தாது விட முன்வந்தது. ஒரு மக்கள் தாம் எதை உண்பது என்று அறிவதற்கு இட்ட குறி, பிறர் கண்ணுக்கு அச்சமூட்டும் குறியாகத் தோன்றிற்று. வாங்குவோர் வாங்கலாம், விடுவோர் விடலாம் என்ற எளிய உண்மை அந்த ஆரவாரத்தில் மறைந்தது.

இவ்விடத்தே இஸ்ரவேலரின் சட்டத்துக்கு மீண்டும் செல்வது தகும். விலக்கப்பட்ட பிராணிகளைப் பற்றிக் கூறும்போது அச்சட்டம், 'இவை உங்களுக்கு அசுத்தமானவை' என்று திரும்பத் திரும்பக் கூறுகின்றது. 'உங்களுக்கு' என்பதை அழுத்திப் படித்தல் வேண்டும். உலகத்தாருக்கெல்லாம் அசுத்தம் என்று அது கூறவில்லை. தானாக இறந்த விலங்கின் இறைச்சியை நீ உண்ணாதே. உன்னிடம் தங்கியுள்ள அந்நியனுக்கு அதனைக் கொடுக்கலாம் என்றும் உபாகமம் கூறுகின்றது. தனக்கு விலக்கானதை உண்பவன் தாழ்ந்தவன் என்று கருதியிருந்தால் இங்ஙனம் கூறியிராது. அவனுக்கு அவன் நெறி. உனக்கு உன் நெறி.

இன்னும் ஒன்று. விலக்கப்பட்ட உணவுகளை அடுக்கித் தொடங்கும் அதே 14 ஆம் அதிகாரம் எவ்வாறு முடிகின்றது? மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விளைவில் பத்தில் ஒன்றை ஊர்வாயிலில் வை. நிலமில்லாத லேவியனும், அந்நியனும், தந்தையற்ற பிள்ளையும், விதவையும் வந்து உண்டு நிறைவடையட்டும் என்று முடிகின்றது. எதை உண்ணலாகாது என்று தொடங்கிய அதிகாரம், யாருக்கு உணவிடவேண்டும் என்பதில் வந்து நிற்கின்றது. தன் வாயைக் காக்கக் கற்றவனே பிறன் வயிற்றை நினைக்கக் கடமைப்பட்டவன். இவ்விரண்டு பகுதிகளையும் பிரித்துப் படித்ததனாலேயே உலகம் பல துன்பங்களை அடைந்தது.

1154 ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தமது நூலிலே அராபியப் புவியியலாளர் அல் இத்ரீசி, செரந்தீபமாகிய இவ்விலங்கையைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். மன்னனுக்கு மந்திரிகள் பதினாறு பேர். நால்வர் அவனது சொந்தச் சமயத்தவர், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்கின்றார். அம்மந்திரிகள் ஒரே அவையில் இருந்து நாட்டு நலத்தை ஆராய்ந்தனர் என்றால், அவர்கள் உண்ட உணவு ஒன்றாக இருந்திருக்க முடியாது. அதனால் அவை கலையவும் இல்லை.

இன்று வெள்ளவத்தையில் வாழ்வோரும் கொட்டாஞ்சேனையில் வாழ்வோரும் தத்தம் நெறியைக் கைவிடவேண்டுவதில்லை. கந்தசட்டிக்கு விரதமிருப்பவர் இருக்கலாம். பெரிய வெள்ளியில் சுத்தபோசனம் கொள்பவர் கொள்ளலாம். ஹலால் பார்த்து வாங்குபவர் வாங்கலாம். அயல்வீட்டார் விருந்துக்கு வரும்போது, "உங்களுக்கு எது ஆகும்?" என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கெனத் தனிச் சட்டி வைப்பது நம்மிடையே நெடுநாளாக உள்ள நல்வழக்கம். அவ்வினாவிலே தன் நெறியும் உண்டு. பிறர் நெறிக்கு மதிப்பும் உண்டு. அந்த வழக்கம் எந்த வீட்டிலும் அற்றுப்போகாமல் காப்போமாக.